கியோட்டோ உடன்படிக்கை

ஆற்றுக்கு எல்லை வகுக்கலாம். கடலிலும் இத்தனை கடல்மைல் ஒரு நாட்டுக்கு உரியதென வரையறுக்கலாம். காற்றுக்கு வேலி இடுதல் இயலாது. ஓர் ஆலையின் புகைபோக்கியிலிருந்து எழும் வாயு நாளடைவில் உலகம் முழுவதன் வானிலும் கலந்துவிடுகிறது. இதனாலேயே வளிமண்டலத்தைக் காக்கும் முயற்சி பல நாடுகளின் உடன்படிக்கையாக உருவெடுக்க நேர்ந்தது. அம்முயற்சியின் வரலாற்றிலே கியோட்டோ உடன்படிக்கைக்குத் தனியிடம் உண்டு.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு, பூமியின் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது தடுக்கும் இயல்பினது. அவ்வாயு பெருகின் பூமியின் வெப்பமும் உயரும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு 1896இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே சார்ள்ஸ் கீலிங் என்பார் இதனை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஆண்டுதோறும் ஏறிச் சென்றது.

1992இல் பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரில் கூடிய உலக நாடுகள் காலநிலை பற்றிய ஒரு பொது உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. பொறுப்பு யாவர்க்கும் பொது. ஆயினும் நெடுங்காலம் புகை கக்கிச் செல்வம் ஈட்டிய நாடுகளே முதலடி வைத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. எந்த நாடு எவ்வளவு குறைத்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் எண் எதுவும் அதில் இடம்பெறவில்லை.

அந்த எண்ணைத் தேடியே 1997 டிசெம்பரில் யப்பானின் பழைய தலைநகராகிய கியோட்டோவில் பிரதிநிதிகள் கூடினர். கடல்மட்டம் உயர்ந்தால் தம் நிலமே இல்லாதொழியும் என அஞ்சிய சிறு தீவு நாடுகள், 2005ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 20 வீதம் குறைக்குமாறு கைத்தொழில் நாடுகளை வேண்டி நின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 15 வீதம் என்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளோ 1990ஆம் ஆண்டின் அளவுக்கு மீள்வதே போதும் என்றது. ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த றவுல் எஸ்திராதா தலைமையில், குறித்த நாளும் கடந்து, இரவு முழுவதும் பேச்சு நீண்டது. இறுதியில், 2008 முதல் 2012 வரை, 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து சராசரி 5.2 வீதம் குறைப்பதென்ற முடிவு பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 8, அமெரிக்காவுக்கு 7, யப்பானுக்கு 6 வீதம் எனப் பங்கு வகுக்கப்பட்டது.

எண் கிடைத்தது; அதனை அமுலாக்குதல் எளிதாயிருக்கவில்லை. உடன்படிக்கைக்கு இரு பூட்டுகள் இடப்பட்டிருந்தன. குறைந்தது 55 நாடுகள் அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். அவற்றுள் அடங்கும் கைத்தொழில் நாடுகள், 1990இல் அத்தகைய நாடுகள் அனைத்தும் வெளியிட்ட காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 55 பங்குக்கேனும் உரியனவாயிருத்தல் வேண்டும்.

வளர்முக நாடுகளுக்குக் கடப்பாடு இல்லாத எந்த உடன்படிக்கையையும் ஏற்கலாகாது என அமெரிக்கச் செனட் சபை 1997 யூலையிலேயே 95 வாக்குகளுடன், எதிர்ப்பின்றித் தீர்மானித்திருந்தது. 2001இல் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கியோட்டோவைக் கைவிட்டார். நூறில் 36 பங்கு விலகிவிட, எஞ்சியது 64. அதிலிருந்து ருஷ்யாவின் 17 பங்கும் கழிந்தால் 47 மாத்திரமே மிஞ்சும். 2002 மே மாதத்தில் ஐசுலாந்து 55ஆவது நாடாகச் சேர்ந்து முதற் பூட்டைத் திறந்தது. இரண்டாவது பூட்டின் திறவுகோல் ருஷ்யாவின் கையில் இருந்தது.

ருஷ்யா அவசரப்படவில்லை. 2004 மே மாதத்தில், உலக வர்த்தக நிறுவனத்தில் ருஷ்யா சேர்வதற்கு ஐரோப்பிய ஒன்றியம் இசைந்தது. அவ்வேளையிலேயே ஜனாதிபதி பூட்டின் கியோட்டோவை விரைந்து உறுதிப்படுத்தப் போவதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் அது நிறைவேறியது. 2005 பெப்ரவரி 16ஆந் திகதி, பிறந்து ஏழாண்டுகள் கழிந்த பின், உடன்படிக்கை அமுலுக்கு வந்தது.

அதன் பயனும் கலப்பானதே. ஐரோப்பிய ஒன்றியம் சொன்ன சொல்லைக் காத்தது. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. சீனா முதலிய நாடுகளின் கைத்தொழில் விரைந்து வளர்ந்தமையால், உலகின் மொத்த வெளியீடு குறையாது ஏறியது. 2015இல் பாரிஸ் நகரில் உருவான உடன்படிக்கை வேறு வழியை நாடியது: எண்ணை மாநாடு விதிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாடும் தன் எண்ணைத் தானே அறிவிக்கும். வளர்முக நாடுகளும் இதில் அடங்கின. ஆயினும் அமெரிக்கா 2020இல் விலகி, 2021இல் மீண்டு, 2025இல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது.

நாடுகள் விரும்பிச் சேர்ந்தாலன்றி உடன்படிக்கை இல்லை. விரும்பியபோது விலகுதலும் அவற்றுக்குக் கூடும். ஆனால் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி நூற்றாண்டுகள் பல வானில் தங்குவது. ஒரு நாடு தன் பெயரை ஏட்டினின்றும் நீக்கிக்கொள்ளலாம். முன்னர் வெளியிட்ட வாயுவை வானினின்றும் அவ்வாறு நீக்கிக்கொள்ள இயலாது.