வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டி வரை: பழைய மடிக்கணினிக்கு எது பொருந்தும்?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்பின் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கியபோது, மேசைக்கு அடியில் கிடந்த பழைய மடிக்கணினிகளும் வெளியே வந்தன. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. ஆனால் திறக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும். இப்படிப்பட்ட கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா, ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதுமா? சேமிப்புக் கருவிகளின் வரலாறு தெரிந்தால் பதில் எளிது.

தட்டு சுழன்ற காலம்

1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் 305 என்ற கணினியை வெளியிட்டது. அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய கருவியில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு படத்துக்கே அது போதாது.

பிறகு தட்டு சுருங்கியது, கொள்ளளவு கூடியது. ஆனால் வேலை செய்யும் முறை மட்டும் மாறவே இல்லை. தட்டு சுழல வேண்டும், முள் நகர வேண்டும், தேடும் இடம் முள்ளுக்குக் கீழே வந்து சேர வேண்டும். மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிநொடிக்கு மேல் போகிறது. கணினி திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்று இப்போது புரியும்.

சில்லு வந்த கதை

1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா, மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் நேண்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய எஸ்எஸ்டிக்கு அடிப்படை அதுதான். 1991-இல் சான்டிஸ்க் நிறுவனம் ஐபிஎம்முக்கு விற்ற எஸ்எஸ்டியின் கொள்ளளவு 20 எம்பி மட்டுமே. விலையோ சுமார் 1,000 அமெரிக்க டாலர்! அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். வன்தட்டு ஆலைகள் நீரில் மூழ்கின. உலகமெங்கும் வன்தட்டு விலை எகிறியது. எஸ்எஸ்டி விலையோ அதன்பின் படிப்படியாக இறங்கியது. 2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், 1973 முதல் இயங்கிய பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை மூடப்போவதாகவும், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்கப்போவதாகவும் அறிவித்தது. ஒரு தொழில்நுட்பம் முடிந்து இன்னொன்று தொடங்கியதை நம் நாட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டோம்.

மலாக்காவுக்கும் இதில் பங்கு உண்டு. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட மாநிலம் இது. அதே மாநிலத்தில் 1973-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் சில்லு ஆலையைத் தொடங்கியது. 1999-இல் அது இன்ஃபினியோன் ஆனது. அங்கே எஸ்எஸ்டி செய்வதில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை பேருந்தில் ஏறிய தலைமுறைக்கு, சில்லு என்பது ஏட்டில் படித்த பொருள் அல்ல, கையால் தொட்ட பொருள்.

கணினியின் வயதைப் பார்த்து வாங்குங்கள்

சுமார் 2015 வரை வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் 2.5 அங்குல வன்தட்டு, சாட்டா இணைப்பில் இருக்கும். அதற்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். அதன் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 550 எம்பி. பழைய சாட்டா என்றால் அதில் பாதிதான் கிடைக்கும். பரவாயில்லை. தேடும் நேரம் 10 மில்லிநொடியிலிருந்து 0.1 மில்லிநொடிக்கு இறங்குவதே பெரிய இலாபம். ஆகவே இந்த வகையில் ஆக விலை கூடியதை வாங்கிப் பயனில்லை.

அதற்குப் பிறகு வந்த கணினிகளில் எம்.2 என்ற மெல்லிய துளை இருக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். உள்ளே ஓடுவது சாட்டாவா, என்விஎம்இயா என்று கையேட்டில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவும் பொருந்த வேண்டும். மலிவுக் கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது.

பாடக்குறிப்பு, கேள்வித்தாள், மதிப்பெண் பதிவுக்கு 256 ஜிபி தாராளம். காணொளி அதிகம் என்றால் 500 ஜிபி. அடிக்கடி எழுதி அழிப்பவர்கள் கியூஎல்சியை விட டிஎல்சி வகையைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாக ஆயுள் கூடுதல். பெயர் தெரியாத பொருள் நம்ப முடியாத விலைக்கு வந்தால் விலகிவிடுங்கள். உத்தரவாதம் மூன்று அல்லது ஐந்து ஆண்டு இருக்கட்டும்.

எஸ்எஸ்டியால் முடியாதது

ரேம் 4 ஜிபி மட்டும் என்றால், பல சாளரங்களைத் திறக்கும்போது திணறல் இருக்கத்தான் செய்யும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய செயலி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாவிட்டால், எஸ்எஸ்டி போட்டாலும் அந்தத் தகுதி வராது. லினக்ஸ் போன்ற மாற்றையும் யோசிக்க வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கோப்புகளை வேறொரு இடத்தில் படியெடுத்து வையுங்கள். வன்தட்டு கெடும்போது பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் எஸ்எஸ்டியில் தகவல் மங்கலாம். அதனால் கழற்றிய வன்தட்டை வீசாமல், யூஎஸ்பி உறையில் போட்டுக் காப்புப் படிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பின் ஐந்தாண்டு மதிப்பீட்டுப் பதிவை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

மாணவர்களே, தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். பழையதில் என்ன குறை, புதியது அதை எப்படித் தீர்த்தது, தீராமல் நின்றது எது என்று மூன்றையும் எழுதுங்கள். கடையில் எஸ்எஸ்டி வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.