நத்தை கொல்லும் ஈக்குப் பெயர் வந்த கதை

ஈ என்றாலே நமக்கு முகஞ்சுளிப்புத்தான். சோற்றுப் பானையை மூடு, கருவாட்டை மூடு என்று வீட்டில் ஓயாமல் குரல் கேட்கும். வகுப்பறையில் நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆனால் நம் சோற்றையும் நாடாமல், குப்பையையும் மொய்க்காமல், சதுப்பு நிலத்துப் புல்லில் அமர்ந்து வாழும் ஒருவகை ஈ உண்டு. அதன் புழு, நீரிலுள்ள நத்தைகளைக் கொன்று தின்று வளர்கிறது. அந்த ஈயை அறிஞர்கள் எவ்வாறு இனம் பிரித்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

எல்லா உயிருக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு முறையாக வகுத்தார். முதற்சொல் பேரினம், இரண்டாவது, அதனுள் அடங்கிய தனி இனம். அவரிடம் பாடம் கேட்ட பாப்ரிசியஸ் என்பவர், ஐரோப்பியச் சதுப்புகளில் கிடைத்த ஓர் ஈக்கு 1775இல் 'ஸ்பீஜியா' என்று பெயரிட்டார். குளவி போன்றது என்று பொருள்.

1804இல் பிரான்சு நாட்டு லத்ரேய் அந்த ஈக்கென்று 'செபெடான்' என்னும் தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். இந்த லத்ரேயின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், பாதிரிமார்களிடம் கேட்கப்பட்ட உறுதிமொழியை ஏற்காததால் போர்தோ நகரச் சிறையில் கிடந்தார். ஒருநாள் சிறைக்கு வந்த மருத்துவர், தரையில் ஊர்ந்த வண்டு ஒன்றை இவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். "இது அரிய வண்டு" என்றார் லத்ரேய். மருத்துவர் அதை வாங்கிச் சென்று, பூச்சிகளில் நாட்டமுள்ள ஓர் இளைஞரிடம் கொடுத்தார். பூச்சியறிஞர் ஒருவர் சிறையில் இருக்கும் செய்தி அவ்வாறு வெளியே போய், அவருக்கு விடுதலை கிடைத்தது. உடனிருந்த கைதிகளோ உயிர் தப்பவில்லை. அவருடைய கல்லறையில் அந்த வண்டின் நினைவும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் வைத்த 'செபெடான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அழுகல் என்று பொருள். ஒரு நச்சுப் பாம்புக்கும் அப்பெயர் உண்டு. ஈக்கும் பெயருக்கும் என்ன பொருத்தமோ! தோற்றத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். உணர்கொம்பின் இரண்டாம் கணு நீண்டிருக்கும். பின்னங்காலின் தொடை பருத்து, அடியில் சிறு முட்கள் இருக்கும். உடலில் முரட்டு மயிர்கள் குறைவு. குஞ்சாக இருக்கையில் அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்று கேட்டவர் மிகக் குறைவு.

ஜெர்மனியில் கீல் நகரத்து மருத்துவப் பேராசிரியர் வீடெமான், தூர தேசங்களிலிருந்து வந்த ஈக்களை ஆராய்ந்து 1830இல் பல புதிய இனங்களை எழுதினார். தென்கிழக்காசியாவில் வாழும் 'பிளம்பெல்லா' அவர் பெயரிட்டது. ஈயத்தின் நிறமுடையது என்று பொருள். சீனத்து 'ஈனெசென்ஸ்' இனமும் அவர் பெயரிட்டதே. பின்பு 1911இல் ஹெண்டெல் என்பவர் தைவான் தீவிலிருந்து வந்த ஈக்கு 'சௌதெரி' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நெல்வயல் ஈயைப் பற்றி அந்தப் பெயரிலேயே பல கட்டுரைகள் எழுதினார்கள். கடைசியில் இரண்டும் ஒரே ஈ என்று தெரியவந்தது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிட்டால் என்ன குழப்பம் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் சிலவற்றை வேறுபடுத்த வேண்டுமானால், ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள உறுப்புகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

1950இல் அலாஸ்காவில் திருப்பம் வந்தது. பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இந்தக் குடும்பத்து ஈக்களின் புழுக்கள் நத்தைகளைக் கொல்வதைக் கண்டார். நத்தை ஓட்டிலிருந்து ஈ வெளிவந்ததை அதற்கு முன்னும் ஒன்றிரண்டு பேர் எழுதியதுண்டு. ஆனால் குடும்பம் முழுவதையும் அந்த நோக்கில் ஆராய்ந்தவர் பெர்க்கும் அவருடைய மாணவர்களுமே. செபெடான் புழு காற்றை விழுங்கி நீர்மட்டத்தில் மிதக்கிறது. அதன் வால்முனையைச் சுற்றி நீர் ஒட்டாத மயிர்கள் இருப்பதால் மூச்சுத்துளை நனைவதில்லை. நத்தையை அண்டினால் அதன் தசையைக் கிழித்துக் கொன்றுவிடும். ஒரே புழு வளர்ந்து முடிவதற்குள் பல நத்தைகள் அழியும்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. மாட்டின் ஈரலைத் துளைக்கும் தட்டைப் புழுவின் குஞ்சு, நீர்நத்தையின் உடலுக்குள் வளர்ந்த பிறகே புல்லில் ஒட்டி மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. நத்தை குறைந்தால் நோயும் குறையும் அல்லவா? அதனால் 1958இல் நிக்கராகுவா நாட்டிலிருந்து 'செபெடான் மேக்ரோபஸ்' என்ற ஈயை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இப்படிக் கடல் தாண்டி அனுப்பும்போது பெயர் பிழைபட்டால், அனுப்புவது வேறு ஈயாகிவிடும். ஊர்மாற்றி விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அந்த ஈயின் பெயரும் நிலைக்கவில்லை. 1973இல் ஸ்டெய்ஸ்கல் என்ற அமெரிக்க ஈ ஆராய்ச்சியாளர் அதைச் செபெடானிலிருந்து பிரித்து, 'செபெடோமெரஸ்' என்னும் புதிய பேரினத்தில் சேர்த்தார். பழைய அறிக்கைகளைத் தேடுபவர் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு; நான் அப்படி நினைக்கவில்லை. கூர்ந்து பார்க்கப் பார்க்கத்தானே உறவுமுறை புலப்படும்?

நம் பகுதிக்கும் முறை வந்தது. 1974இல் பீவர் என்பவர் தாய்லாந்து ஈ ஒன்றுக்கு 'ஸ்பாங்லெரி' என்று பெயரிட்டார். 1977இல் அவரும் நட்சன், பெர்க் ஆகியோரும் சேர்ந்து, தென்கிழக்காசியச் செபெடான் ஈக்களின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்கள். இறந்த ஈயின் உணர்கொம்பையும் காலையும் மட்டும் வைத்து 1804இல் தொடங்கிய பேரினத்துக்கு, நீர்ச்செடியின் இலையில் வரிசையாக ஒட்டிய முட்டையும், மிதக்கும் புழுவும், அதன் கூடும் அடையாளங்களாகிவிட்டன.