21 கால் பிளக்

பேரனுக்கு வீடியோ கேம் கன்சோல் வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டது போன வருஷம் ஜூன் மாதம். பெட்டி வட்டக்கானலுக்கு வந்து சேர்ந்தது அக்டோபரில். நடுவில் நான்கு மாதம் என்ன செய்தீர்கள் மாமா என்று மருமகள் கேட்டாள். கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. புதுச்சேரி அரசில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா, அதில் பாதி கொள்முதல் பிரிவில். ஒரு பெட்டி பேனா வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேலே அனுப்பியவன் நான். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொருளை அப்படியே வாங்கிவிட முடியுமா?

பணம் மட்டும் காரணமில்லை. இதே விஷயத்தில் ஒரு முறை தோற்றிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் மாமா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அதனால்தான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த நான் இந்தியாவில் கோப்பு தூக்கினேன். மாமா மகன் பாரிஸ் பக்கம் போய்க் குடியேறினான். 1991 கோடை விடுமுறைக்கு வந்தபோது அந்த மச்சான் என் மகனுக்கு ஒரு நிண்டெண்டோ கொண்டுவந்தான். கூடவே மூன்று கேசட். பையனுக்கு அப்போது எட்டு வயது. அன்று ராத்திரி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்கினான்.

காலையில் இணைக்கப் போனால் கேபிளின் முனையில் கை அகலத்துக்கு ஒரு பிளக். அதில் 21 கால்கள். பிரான்சில் அதற்குப் பெரித்தெல் என்று பெயர். 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே விற்கும் ஒவ்வொரு டிவியிலும் அந்தத் துளை இருக்க வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருந்தது. எங்கள் வீட்டு டிவியில் ஆன்டெனா துளை ஒன்றுதான். தெரு முனை மெக்கானிக் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஓட்டை நம்ம ஊர் டிவில கிடையாது" என்றார்.

துளை மட்டும் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பிரான்ஸ் 1967-இல் கலர் ஒளிபரப்பு தொடங்கியபோது செக்காம் என்ற தன் சொந்த முறையில் தொடங்கியது. இந்தியா 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலருக்கு மாறியபோது, ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த பால் முறையை எடுத்துக்கொண்டது (குடிக்கிற பால் இல்லை). அமெரிக்காவும் ஜப்பானும் மூன்றாவதாக வேறொன்று. அங்கே திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். நமக்கும் ஐரோப்பாவுக்கும் 50. அந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் விட்ட ஜப்பானிய ஆட்டங்கள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. தங்கள் மாரியோ சோம்பேறி என்பது பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

மகன் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேசட் மூன்றையும் அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு கடையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு டிவி கேம் வாங்கினேன். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மீடியா, லிட்டில் மாஸ்டர் என்றால் தெரியும். நிண்டெண்டோவின் அசல் பெட்டி சாமுராய் என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்திருந்தாலும், நடுத்தர வீடுகளை நிறைத்தவை இந்த நகல் பெட்டிகள்தான். கான்ட்ரா, டாங்க், ரோட் ஃபைட்டர், வாத்து சுடும் துப்பாக்கி. பிரான்சிலிருந்து வந்த மூன்று கேசட்டாவது இதில் ஓடும் என்று நம்பித்தான் வாங்கினேன். அவையும் நுழையவில்லை! 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த மூலப் பெட்டியான ஃபேமிகாமின் கேசட்டுக்கு 60 ஊசிகள். அதையே மேலை நாடுகளுக்கு மாற்றி அமைத்தபோது 72 ஆக்கி, உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் வைத்தார்கள், அனுமதி இல்லாத கேசட் ஓடக்கூடாது என்று. நகலெடுத்தவர்கள் பூட்டு இல்லாத ஜப்பானியப் பெட்டியை நகலெடுத்தார்கள். கடைக்காரர் அட்டையில் எழுதியிருந்த '9999 ஆட்டங்கள்' என்பதை மட்டும் காட்டினார். எண்ணிப் பார்த்ததில் நாற்பதுக்குள். மிச்சமெல்லாம் அதேதான், பெயர் மாற்றி. மூன்றாம் மாதம் அடாப்டர் புகைந்தது.

எங்கள் பள்ளியில் ஒரு மிஸ்யே அடிக்கடி சொல்லும் சொல்: காயே தெ ஷார்ழ். எதை வாங்குவதானாலும், கட்டுவதானாலும், விற்பவனிடம் போகும் முன் நமக்கு என்ன வேண்டும் என்று நாமே எழுதி வைக்கும் ஏடு. அலுவலகத்தில் அதை நூறு தடவை செய்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு தடவைகூடச் செய்யவில்லை. 1991-இலும் 1993-இலும் நான் பெட்டியைப் பார்த்தேனே தவிர, அது வந்து சேரப் போகும் டிவியைப் பார்க்கவில்லை.

இந்த முறை பேரனும் நானும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அவன் கணினியில் தேடுவான், நான் எழுதுவேன். தேடத் தேடத்தான் தெரிந்தது, நான் செய்த தப்பை உலகமே செய்திருக்கிறது, கம்பெனிகள் உட்பட.

90-களில் எல்லோரும் பேசியது 'பிட்' கணக்கு. 8 போய் 16, பிறகு 32. 1993-இல் அடாரி தன் ஜாகுவார் பெட்டியை 64 பிட் என்று சொல்லி, கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றே விளம்பரம் செய்தது. ஜனங்கள் வேறு கணக்குப் போட்டார்கள்: அதில் ஓடும் நல்ல ஆட்டங்கள் எத்தனை? விற்பனை இரண்டரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. வேறு எந்த வருஷத்தையும்விட நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது 1995 மே மாதம். அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் பெட்டிக்கு 399 டாலர் என்று அறிவித்தது. அதே கண்காட்சியில் சோனியின் ஆள் மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். டெண்டர் திறக்கும் நாளில் இப்படி ஒரு காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். அறையே மூச்சு விடாது. ஆனால் பிளேஸ்டேஷன் ஜெயித்தது விலையால் மட்டுமில்லை. குறுந்தட்டு கேசட்டைவிட மலிவு, கொள்ளளவு பல மடங்கு, அதனால் ஆட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நிண்டெண்டோ தன் 64-இல் கேசட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று பத்துக் கோடியைத் தாண்டியது. மற்றது மூன்று கோடியை ஒட்டி நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 1989-இல் வந்த கேம் பாய். குன்பெய் யோகோய் என்ற நிண்டெண்டோ பொறியாளரின் பிள்ளை அது. பச்சை பாய்ந்த திரை, கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. நான்கு பென்சில் பாட்டரி போட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். மறுவருஷம் சேகா கலரும் விளக்கும் வைத்து கேம் கியர் கொண்டுவந்தது. ஆறு பாட்டரி தின்றுவிட்டு நாலு மணி நேரத்தில் படுத்துக்கொள்ளும். எது நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்த அன்று வட்டக்கானலில் கரண்ட் இல்லை. சோலைக் காட்டுக்கு நடுவே கம்பி வருகிற ஊர். காற்று மழைக்கு ஒரு மரம் சாய்ந்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் சாய்த்த மரங்களைப் பற்றி இங்கே இன்னும் பேசுகிறார்கள். யோகோய் எங்கள் ஊர்க்காரராக இருந்திருக்கலாம் என்றேன். பேரன் அதை நோட்டில் எழுதினான்.

பிளேஸ்டேஷன் 2 கதை வேறு மாதிரி. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்தபோது அதில் டிவிடி படமும் பார்க்கலாம். ஆட்டமே ஆடாத அப்பாக்கள் அதற்குச் சம்மதித்தது அதனால்தான். 16 கோடிக்கு மேல் விற்றது. 2013 வரை உற்பத்தியில் இருந்தது. இந்தியாவில் உருவான அனுமார் ஆட்டம் ஒன்று 2009-இல் அந்தப் பெட்டிக்காகவே வந்தது. அடுத்த தலைமுறையில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்குப் பொத்தானைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரியும் வியாதி வந்தது. 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். பழுதானால் எங்கே கொடுப்பது என்ற கேள்வி அன்றுதான் எங்கள் நோட்டில் ஏறியது. எங்களுக்கு அது மதுரை. மலையிறங்கி நூற்றிருபது கிலோமீட்டர் அளவில்.

மகன் இப்போது லியோனில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறான். மருமகள் கொடைக்கானலில் வேலை பார்க்கிறாள். பள்ளி விட்டு வந்தால் பேரனுக்குக் கூட விளையாட இந்தச் சரிவில் ஆளில்லை. டால்ஃபின் மூக்குக்கு நடந்து போகும் இஸ்ரேல் பயணிகளும், குரங்குகளும், நானும்தான். வாரத்துக்கு இரண்டு முறை வீடியோவில் அப்பாவிடம் பேசுவான். சாப்பிட்டாயா, படித்தாயா, அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அவன் கன்சோல் கேட்ட காரணம் ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. "அப்பா ரூம்ல பிஎஸ்5 இருக்கு தாத்தா. ஃபுட்பால் ரெண்டு பேரும் ஆடலாம்."

உடனே ஏட்டின் முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினோம். லியோனில் இருக்கும் பெட்டியோடு பேச வேண்டும். வேகம், படத் துல்லியம் எல்லாம் கீழே போயின.

வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒன்றோடொன்று ஆடுவது வெகு காலம் நடக்காத காரியம். சோனி 2018 செப்டம்பரில்தான் ஃபோர்ட்நைட் ஆட்டத்துக்குக் கதவைத் திறந்தது. கால்பந்தில் 2022-இல் வந்த ஃபிஃபா 23-இலிருந்து, ஒரே தலைமுறைப் பெட்டிகள் என்றால் கம்பெனி பேதமில்லை. அப்படிப் பார்த்தால் 2020-இல் 34,990 ரூபாய்க்கு இங்கே வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போதும். விலைப் பட்டியலில் அதுதான் முதல் இடம். அலுவலகமாக இருந்தால் ஆர்டர் போயிருக்கும். ஆனால் அதில் தட்டு போடும் இடம் கிடையாது. எல்லாம் இறக்கிக்கொள்ள வேண்டும். நூறு ஜிபி ஆட்டம், வினாடிக்கு 20 மெகாபிட் இணைப்பு என்றால் பதினொரு மணி நேரத்துக்கு மேல். இங்கே பனி இறங்கினால் அந்த இருபதும் சந்தேகம். ஆடுவதற்குத் தேவையான டேட்டா சொற்பம்தான், இறக்குவதுதான் யானை. பிஎஸ்5-இன் மெல்லிய மாடல் 2024 ஏப்ரலில் வந்தபோது தட்டு உள்ளது 54,990, இல்லாதது 44,990. அந்தப் பத்தாயிரத்தைப் பழைய தட்டு வாங்கி, ஆடி முடித்து விற்றால் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இணையத்தில் சேர்ந்து ஆடக் கட்ட வேண்டிய சந்தாவையும் பராமரிப்புச் செலவு என்ற தலைப்பில் எழுதினோம். கடையில் யாரும் அதை முதலில் சொல்வதில்லை.

லியோனிலிருந்தே வாங்கி அனுப்பட்டுமா என்றான் மகன். வேண்டாம் என்றேன். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அதோடு எனக்கு 1991 ஞாபகம். இன்றைக்கு எச்டிஎம்ஐ துளை உலகம் முழுக்க ஒன்றுதான், ஆனாலும் பொருந்தாத பெட்டிகள் இல்லாமல் போகவில்லை. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள புது வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை. துளை சரியாக இருந்தும் காற்று பொருந்தவில்லை!

மதுரையில் தட்டு உள்ள மாடலை வாங்கி, துண்டில் சுற்றி, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருந்தது. ஆடும்போது 200 வாட்டைச் சுற்றி இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டரில் சேர்க்கவில்லை. கரண்ட் போனால் ஆட்டம் போகட்டும்.

கணக்கில் ஒரு ஓட்டையும் விழுந்தது. தட்டைப் போட்டவுடன் அப்டேட் வேண்டும் என்றது பெட்டி. ஒரு ராத்திரி முழுக்க விட்டும் பாதிகூட இறங்கவில்லை. தட்டு இருந்தால் இறக்க வேண்டாம் என்று நான் எழுதியிருந்த வரியைப் பேரன் எடுத்துக் காட்டினான். மறுநாள் அதே துண்டில் சுற்றிக் கொடைக்கானலில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு நண்பர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். இரண்டு டம்ளர் காபி முடிவதற்குள் இறங்கிவிட்டது.

நாங்கள் குளிர்காலத்தில் லியோனுக்கு நாலரை மணி நேரம் முன்னால். அவன் வேலை முடிந்து வரும்போது இங்கே பையன் தூங்கியிருப்பான். ஆகவே ஞாயிறு மதியம் மூன்று மணி என்று முடிவானது. முதல் ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பேரன் என்னிடம் திரும்பினான்.

"தாத்தா, அப்பா கேக்குறாரு, அந்தப் பழைய மூணு கேசட் இன்னும் இருக்கான்னு."

இருக்கிறது. புதுச்சேரி வீட்டு அலமாரியில்தான்.