அட்டையிலா, கொக்கியிலா?

அடியோடு ஓடாத எந்திரத்தைப் பழுது பார்ப்பது எளிது. ஓடிக்கொண்டேயிருந்து, காரணம் சொல்லாமல் நின்று, மறுபடி முடுக்கினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும் எந்திரம்தான் மனிதரைப் பாடாய்ப் படுத்துகிறது. பாகம் பாகமாக வாங்கித் தாமே பூட்டிய புத்தம்புதிய விளையாட்டுக் கணினி, ஆட்டத்தின் நடுவே உறைந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியில் உட்காருகிறவருக்கோ இது தலைமுறைகளாகப் பழகிய சங்கதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவது வலிந்து முடிச்சிடுவதாகத் தோன்றலாம். முடிச்சு நாம் போட்டதன்று. அது பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளில் 1725இலேயே விழுந்துவிட்டது.

அவ்வாண்டில் பாசில் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக்கொண்டு பாவு நூல்களைத் தேர்ந்தெடுக்க முயன்றார். 1728இல் ஃபால்கோன் சுருளுக்குப் பதிலாக அட்டைகளை வைத்தார். 1804இல் ஜோசஃப் மரி ஜக்கார்டு அதைத் தறிக்காரர் நம்பி உட்காரக்கூடிய எந்திரமாக்கினார். வேலை செய்யும் விதம் மிக எளியது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், அதனோடு இணைந்த கொக்கி நூலை மேலே தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்னே தள்ளப்படும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களில் மயிலும் யாளியும் மல்லிகை மொட்டும் அடங்கிவிட்டன. ஏறத்தாழ 24,000 அட்டைகளால் 1839இல் நெய்யப்பட்ட ஜக்கார்டின் பட்டு உருவப்படம் ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். அவர் திட்டமிட்ட பகுப்பெந்திரத்துக்கும் அட்டைகளே கட்டளை. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கை ஹாலரித் எண்ணி முடித்ததும் துளையிட்ட அட்டைகளால்தான். அங்கிருந்து கணினிக்கு வரும் வழி எல்லோரும் அறிந்ததே.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன்பே தறிக்கு நினைவாற்றல் இருந்தது. அதற்கு ‘அடை’ என்று பெயர். எந்த வரிசையில் எந்த நூல் எழ வேண்டும் என்பதை நூற்கட்டுகளாகவே கட்டி வைத்துவிடுவார்கள். அக்கட்டுகள்தாம் புட்டாவின் ஏடு. ஜக்கார்டு பெட்டி வந்து அடையை ஒதுக்கியது. ஆனால் கோர்வையை அதனால் ஒதுக்க முடியவில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டிய இடத்தில் தறிக்காரருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த இன்னொருவர் வெகுகாலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார் என்பதைக் காஞ்சிப் பட்டின் பெருமை பேசும் கட்டுரைகள் அடிக்குறிப்பாகக்கூடச் சொல்வதில்லை. லியோனில் நூலிழுக்கும் பிள்ளைகளின் வேலையை அட்டை எடுத்துக்கொண்டது. இங்கே அட்டையும் வந்தது, பிள்ளையும் தறியடியில் இருந்தது.

இனி பழுதுக்கு வருவோம். நெய்த துணியில் ஒரு பிழை தென்பட்டால், தேர்ந்த நெசவாளர் உடனே பெட்டியைத் திறப்பதில்லை. முதலில் துணியைப் படிக்கிறார். பூ ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே ஊடையில் பிழை திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் குற்றம் அட்டையில்: ஒரு துளை கிழிந்திருக்கும், அல்லது அடைபட்டிருக்கும். மாறாக, ஒரே பாவு நூலின் நெடுக, எந்தப் பூவானாலும் பிழை நீண்டுகொண்டே போகிறதா? அப்போது அட்டை நிரபராதி. அந்த நூலைத் தூக்கும் கொக்கியிலோ ஊசியிலோ கயிற்றிலோ கோளாறு. இரண்டுமில்லாமல் சில வேளை இங்கே, சில வேளை அங்கே என்று பிழை அலைந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். பெட்டி சரியாக உட்காரவில்லையா, அட்டைகள் ஈரத்தில் ஊதிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியின் குழியில் நீர் ஊறும். பாவும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. தறி நின்ற நாள் யார் கணக்கிலும் ஏறாது.

குறுக்கே ஓடும் பிழை, நெடுக்கே ஓடும் பிழை, அலையும் பிழை என்ற இந்தப் பாகுபாட்டைவிடச் சிறந்த பழுதறி முறையைக் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததாக நமக்குத் தெரியவில்லை. ஒரே ஆட்டத்தில், ஒரே கட்டத்தில் கணினி உறைந்தால் அட்டையைச் சந்தேகி: அதாவது அந்த மென்பொருளை. எந்த ஆட்டமானாலும் உறைந்தால் கொக்கியைப் பார்: நினைவகப் பலகை, மின்வழங்கி, செயலி. இரண்டு நினைவகப் பலகைகளில் ஒன்றைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதும், இடம் மாற்றிச் செருகிப் பழுதும் கூடவே இடம் மாறுகிறதா என்று கவனிப்பதும் தறிக்காரரின் புத்திதான். வேகமான நினைவகத்தை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை (எக்ஸ்எம்பி என்பார்கள்) அணைத்ததும் கணினி உறையாமல் ஓடினால், பாவை மிகையாக இறுக்கியிருந்தோம் என்று பொருள். வெப்பம் ஏறும்போது மட்டும் நின்றால் விசிறியையும், செயலிக்கு மேல் தடவிய பசையையும் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது விதி. ஆத்திரத்தில் மூன்றை மாற்றியவர் எதனால் சரியாயிற்று என்று கடைசிவரை அறியமாட்டார்.

எந்திரமே தன் பிழையைச் சுட்டிக்காட்டக் கூடாதா? பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹாமிங்குக்கு இந்தக் கேள்வி எரிச்சலில் பிறந்தது. வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும் கணினி, பிழை கண்டதும் அவருடைய கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் மிஞ்சியிராது. பிழை இருப்பதை அறியும் எந்திரம் அது இருக்கும் இடத்தையும் அறியலாமே என்று அவர் எண்ணினார். 1950இல் வெளியான அவருடைய பிழைதிருத்தும் குறிமுறை அதிலிருந்து வந்தது. 1978இல் இன்டெல் ஆய்வாளர்கள் நினைவகச் சில்லுகளின் பீங்கான் உறையில் கலந்திருந்த கதிரியக்கத் துகள்களே பிட்டுகளைப் புரட்டுகின்றன என்று காட்டினார்கள். சில்லில் எந்தக் குறையும் இல்லை. உறைதான் வினை செய்தது! இருந்தும், ஹாமிங் வழிவந்த முழுப் பாதுகாப்பு பெரும்பாலும் வழங்கிக் கணினிகளுக்கே வாய்க்கிறது. விளையாட்டுக் கணினி வாங்குகிறவர் வேகத்துக்கே காசு கொடுக்கிறார்.

எந்திரம் சொல்லும் காரணத்தை நம்பிக் கெட்ட கதை அண்மையிலும் உண்டு. இன்டெல் 2022இலும் 2023இலும் வெளியிட்ட 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகளைப் பூட்டிய கணினிகள் பல, ஆட்டத்தைத் திறக்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி, காட்சி நினைவகம் போதவில்லை என்றது. பலர் காட்சி அட்டையின்மேல் பழியைப் போட்டார்கள். குற்றம் செயலியில் இருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன் உட்சுற்றுகளைத் தானே நைத்துக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன, உத்தரவாதம் 2 ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே நைந்துபோன சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது. அறுந்த நூலைப் பார்த்து நூல் வியாபாரியைத் திட்டுகிறவருக்கு, அச்சில் ஒரு பல் கூராக இருப்பதை மூத்தவர் ஒருவர் காட்டுவாரே, அதே கதை.

அந்த மூத்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் நம் கவலை. தறியடியில் பிள்ளைகள் இருக்க வேண்டியதில்லை என்பதில் நமக்கு இரண்டாம் எண்ணமில்லை. அதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது, 2014இல் மூடியது. கணினியும் கைப்பேசியும் பூட்டும் ஆலைகள் இன்றும் அங்கே உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைப் பேருந்துகளில் ஏறிப் போகிறார்கள். துணியைப் படித்துப் பழுதறியும் கல்வியை எவரும் எழுதிவைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே அது வந்தது. இப்போது மின்னணு ஜக்கார்டு பல தறிகளில் ஏறியிருக்கிறது. அட்டைக்குச் செலவில்லை, புதுப் புட்டாவைக் கணினியில் வரைந்து விரல் நீளக் கருவியில் கொண்டுவந்து செருகிவிடலாம். நல்லதுதான். கிழிந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காகிதம் ஒட்டி, துளையை மறுபடி குத்தி, நெசவாளர் அன்றைக்கே தறியில் உட்கார்ந்துவிடுவார். மின்னணுப் பெட்டி உறைந்தால் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வரும்வரை பாவு தறியிலேயே கிடக்கிறது.