கூட்டு ஜெபம் (போடிநாயக்கனூர், ஏலமலைச் சரிவுகள்)

கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடி வேண்டுதல் செய்யும் வழக்கம். இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடினால் அங்கே தாம் இருப்பதாக இயேசு சொன்னதே (மத்தேயு 18:20) இதன் ஆதாரம். கதவைப் பூட்டித் தனியே ஜெபிக்கவும் அவர் சொன்னார் (மத்தேயு 6:6). ஒன்று மற்றதற்கு மாற்றல்ல. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையினருக்குக் கூட்டு ஜெபம் என்றால் வீட்டு ஜெபக்கூட்டம். கத்தோலிக்கருக்கு அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம், ஜெபமாலையோடு. இந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குக் காலையிலேயே ஜீப்பில் போடிமெட்டு ஏறுவோர் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். எனவே கூட்டத்துக்கு இரவே தோது. பாய் விரித்து, பாட்டு, வேதவாசிப்பு, பிறகு விண்ணப்பங்கள்: காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, மகள் கல்யாணம், ஏலக்காய் விலை. கூட்டத்தின் பெரும்பயன் இங்கேதான்: வாய்விட்டுச் சொன்ன கஷ்டம் தெருவுக்கே தெரிந்துவிடுவதால், மறுநாள் கஞ்சியோ கைமாற்றோ கேட்காமலே வரும். அலுத்து வந்தவர்கள் கண்ணயரும்வரை ஜெபத்தை நீட்டுகிறவரும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.