லெட்ஜரிலிருந்து கணினிக்கு: ரயில் முன்பதிவின் கதை

நம் வயதுக்காரர்களுக்கு ரயில் ரிசர்வேஷன் என்றதும் தடித்த லெட்ஜர்கள்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பக்கம். எந்தக் கவுண்டரில் நம் வண்டியின் லெட்ஜர் இருக்கிறதோ, அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் பயனில்லை. திரும்பி வரும் பயணத்துக்கு அந்த ஊருக்குத் தந்தி போய், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1980களில் ரயில்வே இதைக் கணினிக்கு மாற்ற முற்பட்டது. கணினி வாங்குவது சுலபம். லெட்ஜருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். மேலோட்டமாகப் பார்த்தால் பெயரும் படுக்கை எண்ணும்தான். உள்ளே போனால் வழியிலுள்ள ஸ்டேஷன்களுக்குத் தனிக் கோட்டா, பெண்களுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, ராணுவத்தினருக்கு ஒன்று. அதற்கு மேல் வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி., மாணவர், நோயாளிகளுக்கான சலுகைகள். இவற்றில் வழி ஸ்டேஷன் கோட்டாவை மட்டும் மென்பொருளில் விட்டிருந்தால்கூட, வண்டி புறப்படும் பெரிய ஊர்க்காரர்களே எல்லாப் படுக்கைகளையும் எடுத்திருப்பார்கள். நடுவழியில் ஏறுபவர் பாடு திண்டாட்டம்தான்.

பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. உருவாக்கிய 'இம்ப்ரஸ்' என்ற மென்பொருளோடு, 1985இல் டெல்லியில் சோதனை தொடங்கியது. எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்பது அன்று பெரிய விஷயம். ரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென்றே 1986இல் 'கிரிஸ்' என்ற அமைப்பு வந்தது. பிறகு மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் கணினிக்கு மாறின.

ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகளாக இருந்தன. ஆகவே அமைப்பு முழுவதையும் மறுபடி அலசி, 'கன்சர்ட்' என்ற புது மென்பொருளை கிரிஸ் எழுதியது. 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999இல் ஐந்து மையங்களையும் இணைத்து முடித்தார்கள்.

அதன் அமைப்பு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு எளிதில் புரியும். எல்லாப் பதிவேடுகளையும் ஒரே ஊரில் கொண்டுபோய்க் குவிக்கவில்லை. அந்தந்த மையத்து வண்டிகளின் கணக்கு அந்தந்த மையத்திலேயே இருக்கும். சென்னைக் கவுண்டரில் டெல்லி மையத்து வண்டிக்கு இடம் கேட்டால், கேள்வி டெல்லிக்குப் போய்ப் பதில் வரும். ஒரு வண்டிக்கு ஒரே பதிவேடு என்பதால், ஒரே படுக்கையை இரண்டு ஊர்களில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இல்லை. லெட்ஜர் காலத்து ஒழுங்கு இது. அதை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.

2002 ஆகஸ்டில் இணையம் வழியாக டிக்கெட் எடுக்கும் வசதியை ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கியபோதும் பழைய அடித்தளத்தை இடிக்கவில்லை. அதே வீட்டுக்கு இன்னொரு வாசல் வைத்தார்கள். வாசலில் கூட்டம் நெரிந்தபோது, 2014இல் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறனை 7,200 ஆக உயர்த்தினார்கள். வாசல் அகலமானதே தவிர, படுக்கைகள் அதனால் கூடவில்லை. விரல் வேகம் உள்ளவர்கள் தட்கால் டிக்கெட்டை நொடிகளில் எடுத்துவிடுகிறார்கள். கவுண்டரில் நிற்கும் முதியவர் கைவிரிக்கப்பட்டுத் திரும்புகிறார். வழி ஸ்டேஷன்காரருக்கு லெட்ஜரில் ஒரு கோட்டா இருந்ததுபோல, இவருக்கும் ஏதாவது ஒரு வழி யோசிக்க வேண்டாமா?

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கணினிக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினாத்தேர்' என்று பெயர். ஒழுங்கு செய்வது என்ற பொருளை வைத்து 1955இல் ஒரு பேராசிரியர் பரிந்துரைத்த சொல் அது. எந்த ஒழுங்கு, யாருக்காக என்பதை மட்டும் மனிதர்கள்தான் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். இனி எந்த அலுவலகத்தில் புது மென்பொருள் வாங்கினாலும், முதலில் பழைய பதிவேட்டை எழுதி வந்தவரை உட்காரவைத்து ஒரு வாரம் கேளுங்கள். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்பவரையும் ஒரு நாளாவது கேளுங்கள்.