ரப்பர் உரிந்த சக்கரங்கள்

போன மாசம் கூடப் படிக்கிற ஸ்வீடன்காரன் ஒருத்தன் சமையலறை மேசையில் சின்னதா நாலு சக்கரத்தைப் பரப்பி வச்சிருந்தான். ஊரில் அவங்க அப்பா ஓட்டுற பனி ஸ்கூட்டரோடதாம். அடியில் சுத்துற பட்டையைத் தாங்குற சக்கரங்கள். ஓரத்து ரப்பர் உரிஞ்சுபோச்சு, மாத்தணும். விட்டம் பழசோட ஒத்துப்போகணும், பேரிங் துளை ஒத்துப்போகணும், ரப்பர் கடுங்குளிரில் வெடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இணையத்தில் தேடி ஆர்டர் போட்டுட்டான். எனக்கு சின்ஸ்ஹைம் ஞாபகம் வந்தது.

சின்ஸ்ஹைமில் இருக்கிற வாகன அருங்காட்சியகத்தில் ஒரு விநோத வண்டி உண்டு. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் குட்டி டாங்கி. பேர் கெட்டன்கிராட். நெக்கர்சுல்மில் இருந்த என்.எஸ்.யூ. கம்பெனி தயாரிச்சது. உள்ளே ஓப்பல் ஒலிம்பியா காரின் எஞ்சின், 36 குதிரைத்திறன். 1941 முதல் ரஷ்யச் சேற்றிலும் பனியிலும் ஓடியது. கடைசிக் காலத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஜெட் விமானங்களை ஓடுபாதைக்கு இழுத்துட்டுப் போனதும் இதுதான். பனி ஸ்கூட்டருக்கு ஒரு முரட்டுப் பெரியப்பான்னு வச்சுக்குங்களேன் :-)

குனிஞ்சு பார்த்தா சக்கரங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகினாப்பல இருக்கும், சீட்டுக்கட்டை விரிச்ச மாதிரி. ஹைன்ரிஹ் க்னீப்காம்ப் என்ற பொறியாளரின் யோசனை. பெரிய சக்கரங்களை நெருக்கமா வச்சா எடை பட்டை முழுக்கப் பரவும், இளகின மண்ணில் வண்டி புதையாது, ஒவ்வொரு சக்கரத்து ரப்பரும் சுமக்கிற பாரம் குறையும். காகிதத்தில் அருமை. ஆனா சேறு நடுவில் புகுந்து ராத்திரியில் உறைஞ்சா சக்கரம் சுத்தாது. உள்வரிசையில் ஒரு சக்கரம் போச்சுன்னா அதை எடுக்க வெளிவரிசையை வரிசையா கழட்டணும்.

இதே முறையில் செஞ்ச டைகர் டாங்கியில்தான் நிலைமை மோசம். 57 டன் எடை. பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூணு சக்கரம், ஆக 24. எல்லாத்துக்கும் ரப்பர் விளிம்பு. அது அடிக்கடி உரிஞ்சுபோகும். மாற்றுச் சக்கரம் வேணும், அதுக்கு ரப்பர் வேணும். ரப்பருக்கு எங்கே போறது?

ஜெர்மனியில் ரப்பர் மரம் வளராது. மலேயாவும் இலங்கையும் பிரிட்டிஷ்காரன் கையில். அதனால 1930களின் பின்பாதியிலேயே ஐ.ஜி. ஃபார்பன் ஷ்கோபாவில் நிலக்கரியிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் செயற்கை ரப்பர் செய்ய ஆரம்பிச்சது. பேர் பூனா (நம்ம மகாராஷ்டிரா பூனா இல்லீங்க, பியூட்டாடையீன் - நாட்ரியம் என்பதன் சுருக்கம்). கனமான டயர்களுக்கு அதில் கொஞ்சம் இயற்கை ரப்பரும் கலக்க வேண்டியிருந்தது. ஜப்பான் மலேயாவைப் பிடிச்ச பிறகு முற்றுகையைத் தாண்டி கப்பல்களிலும், பினாங்கிலிருந்து நீர்மூழ்கிகளிலும் ரப்பர் கொண்டுவரப் பார்த்தாங்க. பாதிவழியில் மூழ்கினது நிறைய.

கடைசியில் 1944 தொடக்கத்தில் முடிவெடுத்தாங்க: விளிம்பில் ரப்பரே வேண்டாம். வெளியே எஃகு வளையம், உள்ளே தகடுகளுக்கு நடுவில் கொஞ்சம் ரப்பர். அச்சுக்கு இரண்டே சக்கரம். ரஷ்யர்களின் கே.வி. டாங்கியில் இந்த மாதிரி ஏற்கெனவே இருந்தது. சத்தம் அதிகம், ஆனா உரியாது. சக்கரத் தேர்வுன்னு பார்த்தா சரியான முடிவுதான், ரொம்பத் தாமதமா வந்த முடிவு.

அதே 1944 பிப்ரவரியில்தான் ப்ரீமோ லெவி என்ற இத்தாலிய வேதியியலாளரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவந்தாங்க. அங்கே மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் ஒரு பூனா ஆலை கட்டிக்கிட்டிருந்தது, முகாம் கைதிகளை வச்சு. ஆயிரக்கணக்கில் செத்தாங்க. அந்த ஆலையிலிருந்து ரப்பர் ஒரு கிலோகூட வரலை.

மரத்து ரப்பர் இருந்த பக்கமும் அப்படித்தான். மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டினது பெரும்பாலும் நம்மாளுங்க. 1942-43ல் சயாம் - பர்மா ரயில் பாதை போட அந்தத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பான்காரன் அள்ளிட்டுப் போனான். என் பாட்டியோட பெரியப்பா அப்படி ஒரு தோட்டத்தில் இருந்தவர். 1942க்கு அப்புறம் அவர்கிட்டயிருந்து கடிதம் இல்லை. வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது, திதியை அமாவாசையில் வைப்பாங்க. பினாங்கில் ஏத்தின ரப்பரில் அவர் வெட்டின மரத்துப் பாலும் இருந்ததான்னு கேட்டா கண்டுபிடிக்க வழியில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தக் கறுத்த வளையங்களையே பார்த்துக்கிட்டிருந்தேன். கூட வந்தவங்க காபி குடிக்கப் போயிட்டாங்க.

போர் முடிஞ்ச பிறகும் என்.எஸ்.யூ. சில நூறு கெட்டன்கிராட்களைச் செஞ்சு வயல் வேலைக்கும் காட்டு வேலைக்கும் வித்தது. ஆனா 1965ல் வந்த லெப்பர்ட் டாங்கியில் செருகல் சக்கரம் கிடையாது. பக்கத்துக்கு ஏழு, நேரா ஒரே வரிசை. எதை வேணும்னாலும் தனியா கழட்டலாம்.

ஸ்வீடன்காரனோட பார்சல் நேத்து வந்தது. மூணு சக்கரம் கச்சிதம். நாலாவதுக்கு பேரிங் துளை சின்னது, திருப்பி அனுப்பணுமாம்.